மின்கம்பி விழுப்புரம் வரை... மின்சார ரயில் செங்கல்பட்டு வரை!

மேல்சித்தாமூர் என்றதும் தெரிந்தவர்களுக்கு ஞாபகம் வருவது சமண மடமும், பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும்தான். தமிழ்ச் சமணர்களுக்கு அதுதான் தலைமை மடம். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குக் கிழக்கே சுமார் 10 கி.மீ., திண்டிவனத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது.

இந்த ஊர்க்காரர் ஒருவர் காலையில் சென்னைக்கு ஒரு வேலையாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பஸ் பிடித்துத் திண்டிவனம். அங்கே சென்னை பஸ். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேடு வரை போவதில்லை. கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்து, இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில். ஆக, அவர் எப்படியும் கடைசியில் மின்சார ரயிலில்தான் ஏறுகிறார். ஆனால் அதில் ஏறுவதற்கு முன்னால் 100 கி.மீ.க்கு மேல் பஸ்ஸில் வந்தாக வேண்டும்!

அவர் வருகிற வழியெல்லாம் தண்டவாளம் சாலைக்குப் பக்கத்திலேயே கூட வருகிறது. தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பியும் வருகிறது. அந்தக் கம்பி முதன்முதலில் விழுப்புரத்துக்கு வந்தது 1965-ல். கம்பி வந்து அறுபது வருஷமாகியும் தாம்பரத்துக்குக் கிடைத்த மின்சார ரயில் திண்டிவனத்துக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சென்னை புறநகர் ரயிலின் வரலாறே வந்துவிடுகிறது. பார்ப்போம்.

தாது வருஷத்தில் வந்த தண்டவாளம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது மேற்கே போகும் பாதை, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்டது, அகலப்பாதை. தெற்கே போகும் பாதைக்கு இன்னும் இருபது வருஷம் ஆனது. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி 1870-களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தஞ்சைப் பக்கம் போகும் பாதையைப் போட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876-78 பெரும் பஞ்சமும் அதே காலம்தான்.

இந்தப் பாதை மீட்டர்கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். அகலப்பாதை என்றால் 1676 மில்லிமீட்டர். 1870-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைக்கத்தான் இந்தியாவில் மீட்டர்கேஜைக் கொண்டுவந்தார்கள். குறுகிய பாதை, சின்ன எஞ்சின், சின்னப் பாலம், குறைந்த செலவு. அன்று மிச்சம் பிடித்த அந்தக் காசுக்கு நூறு வருஷம் கழித்து வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அது பின்னால் வருகிறது.

விழுப்புரம் சீக்கிரமே பெரிய ஜங்ஷன் ஆனது. 1879-ல் புதுச்சேரிக்குக் கிளை. 1890-களில் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி பக்கம் ஒரு கிளை. 1920-களின் கடைசியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை. ஐந்து திசையில் ரயில் போகும் ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? ஆனால் இதெல்லாம் நெடுந்தூர வண்டிக்கான ஏற்பாடு. காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புகிறவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

1931: தாம்பரத்துக்கு அடித்த யோகம்

1920-களில் சென்னை தெற்கு நோக்கி வளர ஆரம்பித்தது. பழைய ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் தியாகராய நகர் உருவானது அப்போதுதான். சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கமிருந்து ஜார்ஜ் டவுன் ஆபீஸ்களுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். இவர்களை ஏற்றிக்கொண்டு வந்த நீராவி வண்டிகள் நெடுந்தூர வண்டிகளோடு இடித்துக்கொண்டு ஒரே பாதையில் ஓடின.

நீராவி எஞ்சினுக்கு உள்ளூர்ச் சவாரி சரிப்படாது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று கிளம்பினால் அதற்கு வேகம் எடுக்கவே நேரம் ஆகும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி, தண்ணீர் பிடித்து, மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மோட்டார் பெட்டிகளிலேயே இருப்பதால் சட்டென்று வேகம் எடுக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. டிரைவர் இந்த முனையில் இறங்கி அந்த முனையில் ஏறிக்கொண்டால் போதும், வண்டி திரும்பத் தயார்.

பம்பாயில் 1925 பிப்ரவரி 3-ல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. அதைப் பார்த்து சவுத் இந்தியன் ரயில்வேயும் இறங்கியது. மெட்ராஸ் பீச்சிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கி.மீ. 1500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் இயங்கும் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 1931-ல் கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி காலத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். கல்கத்தாவுக்கு மின்சார ரயில் வந்தது 1957-ல்! சென்னை 26 வருஷம் முந்திக்கொண்டது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. 1931-ல் கம்பி மட்டும் கட்டவில்லை. அதற்கு முன்பே மூன்று வருஷம் பாதை வேலை நடந்தது. புறநகர் வண்டிகளுக்கென்று இரட்டைப் பாதையைத் தனியாக ஒதுக்கினார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் நெடுந்தூர வண்டிகளுக்கு வேறு பாதை. அதாவது, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தாலும் தாம்பரம் லோக்கல் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரட்டைப் பாதையால்தான் வண்டியை அடிக்கடி விட முடிந்தது. அடிக்கடி வண்டி இருந்ததால்தான் மக்கள் டைம்டேபிள் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

ரயில் முன்னே, ஊர் பின்னே

அதன் பிறகு நடந்ததைத் தடத்தில் வரிசையாக உள்ள பெயர்களிலேயே படிக்கலாம். 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன். குரோம் லெதர் தொழிற்சாலையால் குரோம்பேட்டை. ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் தவித்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கே குடிபோனது. மின்சார ரயில் வந்து ஆறே வருஷம்! 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை.

நகரத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் என்று மனை வாங்கினார்கள். ஒரு குமாஸ்தா சம்பளத்தில் சொந்த வீடு என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அதைச் சாத்தியமாக்கியது சீசன் டிக்கெட். இதன் கணக்கு சுவாரஸ்யமானது. புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் என்பது பதினைந்து ஒருவழிப் பயணத்துக்கான கட்டணம். மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போனால் போக வர 50 பயணம். 50 பயணத்துக்கு 15 பயணத்தின் காசு! அதாவது 100 ரூபாய் டிக்கெட் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சொல்லப்போனால், தென் சென்னையின் நடுத்தர வர்க்கம் இந்தத் தள்ளுபடியின் மேல்தான் வீடு கட்டியது.

1965: விழுப்புரத்துக்குக் கம்பி வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே உருவானது. 1957-ல் ரயில்வே ஒரு முக்கியமான முடிவு எடுத்தது. இனிமேல் மின்மயம் என்றால் 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி. முறைதான். பழைய 1500 வோல்ட் டி.சி. முறையில் சில கி.மீ.க்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். நகரத்துக்குள் என்றால் சரி, நெடுந்தூரப் பாதைக்குக் கட்டுப்படியாகாது. உயர் அழுத்த ஏ.சி. மின்சாரத்தில் துணைமின் நிலையங்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம், கம்பியும் மெலிதாகப் போதும்.

இந்தப் புது முறையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து விழுப்புரம் என்று 1965-ல் கம்பி நீண்டது. 1967-ல் பழைய பீச் - தாம்பரம் பாதையும் 25 ஆயிரம் வோல்ட்டுக்கு மாறியது. சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரை 160 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், எல்லாம் ஒரே மின்சாரம், ஒரே மீட்டர்கேஜ் பாதை.

இதற்காக ஜப்பானின் மிட்சுபிஷியிலிருந்து யாம்-1 என்ற மின்சார எஞ்சின்கள் வந்தன. மொத்தமே இருபதுதான். இந்தியாவில் வேறு எங்கும் மீட்டர்கேஜில் ஏ.சி. மின்சார எஞ்சின் ஓடியதில்லை. இந்த இருபதும் இந்தத் தடத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மாதிரி கடைசி வரை இங்கேயே உழைத்தன. எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்து வரும் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் நிற்கும். எஞ்சினைக் கழற்றி, நீராவி எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாட்டுவார்கள். பிறகு தெற்கே கிளம்பும். அந்த இடைவெளியில்தான் விழுப்புரம் பிளாட்பாரத்தில் சாப்பாடு, டீ வியாபாரம் எல்லாம்.

ஆக, 1967-லேயே திண்டிவனத்துக்கு மின்சாரம் இருந்தது, பாதை இருந்தது, எஞ்சின் இருந்தது. மின்சாரப் பெட்டிகள் செய்ய பெரம்பூரில் 1955-ல் திறந்த ஐ.சி.எஃப். தொழிற்சாலையும் இருந்தது. அப்புறம் என்ன தடை?

கிராசிங் என்ற வில்லன்

தடை பாதையில்தான். செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரை 103 கி.மீ. ஒற்றைப் பாதை. தெற்கே போகும் வண்டியும் வடக்கே வரும் வண்டியும் ஒரே தண்டவாளத்தில். எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும். ஒன்று ஓரப் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். எது ஒதுங்கும்? எப்போதும் பாசஞ்சர்தான்!

மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுப்பாக்கம், தொழுப்பேடு, ஒலக்கூர், திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகும் வண்டியை, நிற்காமல் வரும் எக்ஸ்பிரஸ் பின்னாலிருந்து பிடித்துவிடும். அதற்கும் வழி விட வேண்டும். எதிரே வருவதற்கும் வழி விட வேண்டும். "கிராசிங் போட்டுட்டான்" என்று பாசஞ்சர் வண்டியில் அலுத்துக்கொள்ளாதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. இப்படிப்பட்ட பாதையில் அரை மணிக்கு ஒரு லோக்கல் விடுவது நடக்கிற காரியமில்லை.

1931-ல் தாம்பரத்துக்குப் பாதையும் கம்பியும் சேர்ந்து வந்தன. 1965-ல் விழுப்புரத்துக்குக் கம்பி மட்டும் வந்தது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த வித்தியாசம்தான் ஒன்றைப் புறநகராகவும் மற்றொன்றை வெளியூராகவும் ஆக்கியது. விழுப்புரம் கம்பி, தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களை இழுக்கக் கட்டியது. திண்டிவனத்துக்காரர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார்.

சீசன் டிக்கெட்டிலும் ஒரு கோடு உண்டு. பொதுவாக 150 கி.மீ. வரைக்கும்தான் மாத சீசன். எழும்பூரிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கி.மீ., எல்லைக்குள் வருகிறது. விழுப்புரம் 160 கி.மீ.யை ஒட்டி, எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

மீட்டர்கேஜ் போனது, நாலுவழிச் சாலை வந்தது

1992-ல் நாடு முழுவதும் ஒரே அகலப்பாதை என்ற திட்டம் வந்தது. மேயோ காலத்தில் மிச்சம் பிடித்த காசுக்கு வட்டி கட்ட வேண்டிய நேரம் இதுதான். தாம்பரத்துக்குத் தெற்கே 1990-களில் தண்டவாளம், பாலம், பிளாட்பாரம் எல்லாவற்றையும் மாற்றினார்கள். கடைசியாக மிச்சமிருந்த பீச் - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலும் 2004 ஜூலை 1-ல் நின்றது. 73 வருஷ ஓட்டம். இருபது யாம்-1 எஞ்சின்களுக்கும் அதோடு வேலை முடிந்தது. அகலப்பாதையில் அவை ஓட முடியாது, வேறு எங்கும் மீட்டர்கேஜ் மின்பாதையும் இல்லை. காயலான் கடைதான்.

அகலப்பாதை வந்த பிறகு 2000-களில் மறுபடியும் விழுப்புரம் வரை மின்மயம். ஒரே தடத்துக்கு இரண்டாவது தடவை! 2010 வாக்கில் விழுப்புரம் - திருச்சி மின்மயம் ஆகும் வரை, பழையபடி விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றம் நடந்தது. ஆனால் பாதை இன்னும் ஒற்றைதான்.

இந்த இடைவெளியில் ரோடு முந்திக்கொண்டது. 2000-களின் ஆரம்பத்தில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை தேசிய நெடுஞ்சாலை நாலுவழிச் சாலையானது. பஸ் நிமிஷத்துக்கு ஒன்று என்கிற மாதிரி ஓட ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு ரயிலைவிடக் காசு அதிகம், குலுக்கல் அதிகம், நெரிசலில் நேரமும் அதிகம். இருந்தும் மக்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். ஏன்? வண்டி எப்போது வரும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. 1931-ல் தாம்பரம் லோக்கல் ஜெயித்த அதே காரணம்தான்!

செங்கல்பட்டு - விழுப்புரம் இரட்டைப் பாதை வேலை 2010-களின் முற்பகுதியில்தான் முடிந்தது. கம்பி வந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து. அதற்குள் தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களின் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. இரட்டைப் பாதையால் கிடைத்த இடத்தை அவையே நிரப்பிக்கொண்டன.

இன்று எப்படி?

சென்னைப் பக்கம் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. தாம்பரம் - செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதை வந்துவிட்டது. 2002-ல் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி பரனூரில் தொடங்கியதும், மறைமலை நகர் பக்கம் தொழிற்சாலைகள் பெருகியதும் செங்கல்பட்டு லோக்கல்களை நிரப்பின. 2019-ல் பீச், தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் என்று சுற்றி வரும் வட்டப்பாதை ரயிலும் வந்தது. 2025 ஏப்ரல் 19 முதல் பீச் - செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. மின்சார ரயில். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமே ஆகிவிட்டது.

செங்கல்பட்டைத் தாண்டினால் நாளைக்குச் சில மெமு வண்டிகள். மெமு என்பதும் மின்சார ரயில்தான், நெடுந்தூரம் ஓடுவதால் கழிப்பறை வைத்தது. ஆனால் காலை வண்டியை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சாதாரண வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அதே காலத்தில் புறநகர் மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகவே இருந்தது. ஒரே தண்டவாளம், ஒரே மின்சாரம். செங்கல்பட்டுக்கு வடக்கே இருப்பவர் புறநகர்ப் பயணி, தெற்கே இருப்பவர் வெளியூர்ப் பயணி.

திண்டிவனத்திலிருந்து மேற்கே பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை புதிய பாதை, சுமார் 70 கி.மீ., 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதிக்கப்பட்டது. மேல்சித்தாமூர் பக்கத்து ஜனங்களுக்கு ரயில் என்ற ஒன்று வந்தால் இதன் மூலம்தான் வர வேண்டும். அனுமதி கிடைத்த வருஷம் பிறந்த குழந்தை இன்று கல்லூரியில் படிக்கும். இதுவரை அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை.

காசுக் கணக்கு

ரயில்வேயைக் கேட்டால் அவர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 2016 முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் உங்களிடமிருந்து வசூலாகிறது என்று. மீதியைச் சரக்கு ரயில் வருமானம்தான் தாங்குகிறது. சீசன் டிக்கெட் பயணியால் நஷ்டம் இன்னும் அதிகம். அப்படியிருக்க, லோக்கலை இன்னும் 60 கி.மீ. நீட்டு என்றால் ரயில்வேக்கு அது இன்னும் 60 கி.மீ. நஷ்டம்.

இது தப்பான கணக்கு இல்லை, பாதிக் கணக்கு. 1931-ல் தாம்பரம் லோக்கலின் வரவு டிக்கெட் பெட்டியில் மட்டும் விழவில்லை. குரோம்பேட்டை மனையின் விலையில், கிண்டித் தொழிற்சாலைக்குக் கிடைத்த ஆளில், தாம்பரத்தில் படித்த பிள்ளைகளில் விழுந்தது. அந்த லாபம் எதுவும் ரயில்வே பேரேட்டில் ஏறாது. செலவு மட்டும் ஏறும்.

இந்தப் பின்னணியில்தான் 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் ஒரு அறிவிப்பு வந்தது. சென்னை - செங்கல்பட்டு - திண்டிவனம் - விழுப்புரம், 167 கி.மீ.க்கு மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும் மித அதிவேக ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்படும் என்று. மாதிரி, டெல்லி - மீரட் தடம். 2023 அக்டோபரில் முதல் பகுதி திறந்த அந்தத் தடத்தில் ரயில்வேயின் பழைய பாதையைத் தொடவே இல்லை. தனிப் பாதை, தனி ஸ்டேஷன், சில நிமிஷத்துக்கு ஒரு வண்டி. யோசித்துப் பார்த்தால் 1931-ன் அதே சூத்திரம்!

கிராசிங் தொல்லை இதில் தீர்ந்துவிடும். ஆனால் கட்டணம்? டெல்லி - மீரட் 82 கி.மீ. திட்டச் செலவு 30,274 கோடி ரூபாய். கி.மீ.க்குச் சுமார் 370 கோடி. அதே விகிதத்தில் போட்டால் விழுப்புரம் தடத்துக்கு 60 ஆயிரம் கோடிக்கு மேல் வரும். ஊருக்கு ஊர் செலவு மாறும், இது ஒரு குத்துமதிப்புதான். அங்கே 2025 ஜனவரியில் டெல்லி நியூ அசோக் நகரிலிருந்து மீரட் சவுத் வரை 55 கி.மீ.க்குச் சாதாரணப் பெட்டியில் 150 ரூபாய் டிக்கெட். இங்கே பீச் - செங்கல்பட்டு 60 கி.மீ.க்குச் சாதாரண மின்சார ரயிலில் 20 ரூபாயைத் தாண்டாது. ஏ.சி. வண்டியில் தொடங்கியபோது 105 ரூபாய்.

இப்போது மேல்சித்தாமூர்க்காரரை மறுபடி நினைத்துக்கொள்வோம். அவர் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவராக இருந்தால் வேகமான ரயிலுக்குக் காசு கொடுப்பார், நேரம் மிச்சம். அவரே சித்தாள் வேலைக்கோ, துணிக்கடை வேலைக்கோ, பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவைப் பார்க்கவோ போகிறவராக இருந்தால்? போக வர ஒரு நாள் கூலி ரயிலுக்கே போய்விட்டால் அந்த ரயிலும் அவருக்கு 1965-ல் வந்த கம்பி மாதிரிதான். அண்ணாந்து பார்க்கலாம்.

முடிவாக...

தாம்பரத்தைச் சென்னையோடு சேர்த்தது மூன்று விஷயம்: தனிப் பாதை, அடிக்கடி வண்டி, சம்பளத்துக்குள் அடங்கும் சீசன் டிக்கெட். இதில் ஒன்று குறைந்தாலும் அது புறநகர் ரயில் ஆகாது. 1965-ல் திண்டிவனத்துக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. 160 கி.மீ. வேக ரயில் வந்தால் முதல் இரண்டும் வரும். மூன்றாவது வருமா என்பதுதான் இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி.

புது ரயில் வரும்போது வரட்டும், கட்ட இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை இருக்கும் இரட்டைப் பாதையிலேயே காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு மெமு வண்டிகளைக் கூடுதலாகச் சரியான நேரத்துக்கு விட்டு, திண்டிவனம் வரைக்குமாவது புறநகர்க் கட்டணம் என்று அறிவித்தால், அதற்கு 60 ஆயிரம் கோடி ஆகாது. ஒலக்கூரிலும் மயிலத்திலும் பிளாட்பாரம் இருக்கிறது. மேலே கம்பியும் இருக்கிறது. வண்டிதான் வர வேண்டும்.